தம்பி வீட்டுத் தென்னைக்கு வண்டு

ஜூலை 6, ஞாயிறு

வெயில். காலை ஏழு மணிக்கே மலை வெளுத்துப் போய்த் தெரிந்தது. முட்டி வலி ஜாஸ்தி. சபைக்கு நடந்தே போனேன். ஆட்டோக்காரனோடு பேச்சுக் கொடுக்க இஷ்டமில்லை.

பிரசங்கம்: மரம். நாற்பது நிமிஷம். மரம் யார் வந்தாலும் பழம் கொடுக்கிறதாம், நல்லவன் கெட்டவன் பார்ப்பதில்லையாம், நாமும் அப்படி அன்பைப் பகிர வேண்டுமாம். பாஸ்டர் சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டார். முன் வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள்.

வனத்துறை நாற்றங்காலில் முப்பத்தொரு வருஷம் இருந்தவன் நான். மரம் எவனுக்கும் எதையும் சும்மா கொடுக்காது. பழம் என்பது விதையைத் தூக்கிக்கொண்டு போவதற்குக் கூலி. தேன் என்பது மகரந்தம் சுமப்பதற்குக் கூலி. நிழல் என்றால், வெயில் முழுக்க எனக்கு, கீழே முளைக்கிறவன் வெளிறிச் சாகட்டும் என்று அர்த்தம். அரசமரம் பறவை எச்சத்தில் வந்து பனைமேல் உட்காரும். இருபது வருஷத்தில் பனை இருக்காது. அதையும் பிரசங்கத்தில் சேர்க்கலாம்.

கடைசியில் அறிவிப்பு. "அன்பின் கன்று" திட்டம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கு, யாராக இருந்தாலும், ஒரு மரக்கன்று, வசனம் எழுதின அட்டையோடு.

"தாவீது பிரதர் நர்சரில இருந்தவரு. கன்னெல்லாம் அவரு பாத்துப்பாரு."

எல்லாரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஜூலை மாதத்தில் கன்று நடுவதா என்று ஒருவரும் கேட்கவில்லை. ஐப்பசி மழை எங்கே, இது எங்கே.

மத்தியானம் ரசம், அப்பளம். தூக்கம்.

ஜூலை 7, திங்கள்

கன்று வந்து இறங்கியது. நான் கேட்டது வேம்பு, புங்கன், நாவல். வந்தது பாதி அரளி. "பூ இருந்தாதான் போட்டோல நல்லா இருக்கும்" என்கிறார் சபைச் செயலாளர். அரளி ஆடு தின்றால் ஆடு சாகும், குழந்தை தின்றால் குழந்தை சாகும் என்றேன். அன்பின் கன்று. அவருக்கு முகம் சுருங்கிவிட்டது. அரளியை எல்லாம் தனியே எடுத்துக் கொட்டகைக்குப் பின்னால் வைத்தேன்.

அட்டைக்கு லேமினேஷன். எந்தக் கலர் நூலில் கட்டுவது என்பதற்கு முக்கால் மணி நேரம் கூட்டம். சிவப்பு என்றார்கள், பிறகு கட்சிக் கலர் ஆகிவிடும் என்றார்கள், பிறகு வெள்ளை. கன்றுக்குத் தண்ணீர் ஊற்றியது நான் ஒருவன்.

நாளைக்கு வாங்க: டீத்தூள், முட்டிக்குத் தைலம், விளக்குமாறு.

ஜூலை 9, புதன்

வீடு வீடாக. என்னோடு பாஸ்டரம்மா, வேலூர்ப் பெண், முப்பத்தைந்து வயசு இருக்கும், பேர் பெனினா. என்னை அங்கிள் என்கிறாள். எல்லா வீட்டு வாசலிலும் ஒரே சிரிப்பு. பல் வலிக்காதா என்று நினைத்தேன்.

வாங்கினவர்கள்:
மாடி வீட்டு அம்மா: "இலவசமா? அப்ப ரெண்டா குடுங்க." நட மண்ணே இல்லை, முழுக்க சிமெண்ட்.
லாட்ஜ் மேனேஜர்: "ஆதார் கார்டு காட்டணுங்களா?"
ஸ்டூடியோக்காரர்: வாங்கி, அட்டையைக் கழற்றி பாஸ்டரம்மா கையிலேயே கொடுத்துவிட்டார். "செடி போதுங்க." இவர் ஒருவர்தான் மரியாதையான மனுஷர்.
தையல்கார அம்மா: வாசலில் வைத்தார். நாங்கள் அடுத்த வீட்டில் பேசி முடிப்பதற்குள் ஆடு தின்றுவிட்டது. வசனத்தோடு.

பாஸ்டரம்மா ஆட்டைப் பார்த்துச் சிரித்தாள். அது மட்டும் நிஜச் சிரிப்பு.

திரும்பும்போது வெள்ளிக்கிழமை லிஸ்ட்டைக் காட்டினாள். அடி அண்ணாமலை, மேல் தெரு. ஆறாவது பேர் முருகேசன்.

வேறு வேலை இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

எழுதிவிடுகிறேன். முருகேசன் என் தம்பி. ஏழு வயசு சின்னவன். பேசி இருபத்தாறு வருஷம். நான் லில்லியைக் கட்டி ஞானஸ்நானம் எடுத்து ஏழுமலை தாவீது ஆனபோதுகூட வீடு என்னோடு பேசிக்கொண்டுதான் இருந்தது. முறிந்தது அப்பா செத்தபோது. மூத்த பிள்ளை நான்தான் கொள்ளி வைக்க வேண்டும். அப்போதிருந்த பாஸ்டர் கூடாது என்றார். சரி என்றேன். முருகேசன் வைத்தான். அதோடு சரி. அம்மா செத்தபோது எனக்கு ஆள் அனுப்பவில்லை. மூன்றாம் நாள் பஸ் ஸ்டாண்டில் யாரோ ஒருத்தன், "அம்மாவுக்குப் பால் தெளிச்சாச்சா" என்று கேட்டான். அப்படித்தான் தெரியும் எனக்கு.

அவன் ஒரு மூடன். அன்றும் இன்றும்.

ஜூலை 10, வியாழன்

பௌர்ணமி. கிரிவலக் கூட்டம். தெருவைக் கடக்க முடியவில்லை. பால் வாங்கப் போய் அரை மணி நேரம் நின்றேன். பெங்களூர்க் குடும்பம் ஒன்று, செருப்பில்லாமல், காலைப் பார்த்துப் பார்த்து நடக்கிறார்கள். தண்ணீர் பாட்டிலைக் குடித்துவிட்டு வேலியோரம் என் கண்ணெதிரே எறிந்தான் ஒருத்தன். கடவுளைச் சுற்றுகிறானாம்.

நம் ஆட்களும் லேசில்லை. செயலாளர் போன் செய்து, இந்தக் கூட்டத்திலேயே கன்று கொடுத்தால் என்ன என்கிறார். பதினாலு கிலோமீட்டர் நடக்கிறவன் கையில் தொட்டிச் செடி. போனை வைத்துவிட்டேன்.

லில்லி இருந்தால் சிரித்திருப்பாள். அவள் போய் எட்டு வருஷம்.

ஜூலை 11, வெள்ளி

போனேன்.

முதல் ஐந்து வீட்டைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. ஆறாவது வீடு. ஓடு எடுத்துவிட்டுத் தளம் போட்டிருக்கிறான். வாசலில் ஒரு டிவிஎஸ். பாஸ்டரம்மா "வீட்ல யாருங்க" என்றாள். பின்கட்டிலிருந்து தம்பி பெண்டாட்டி சரோஜா ஈரக் கையோடு வந்தாள். தலை பாதி நரை. முதலில் பாஸ்டரம்மாவைப் பார்த்தாள், பிறகு என்னை.

"மாமா" என்றாள். சத்தமே இல்லாமல்.

பாஸ்டரம்மா என் பக்கம் திரும்பினாள். அவளுக்குத் தெரியாது, பாவம்.

"உக்காருங்க மாமா. தண்ணி கொண்டாரேன்."

உள்ளே டிவி சத்தம் நின்றது. முருகேசன் நிலைப்படியில் வந்து நின்றான். தொப்பை போய்விட்டது. கண்ணுக்கு ஆபரேஷன் ஆகியிருக்கும் போல, கறுப்புக் கண்ணாடி. கன்றில் தொங்கிய அட்டையைப் பிடித்து முழுக்கப் படித்தான்.

"அன்போட குடுக்கறோம்ண்ணா" என்றாள் பாஸ்டரம்மா.

"எங்க வீட்ல மரத்துக்கு என்ன பஞ்சம்." அவளைப் பார்த்துத்தான் சொன்னான். பிறகு, "சரோ, வந்தவங்களுக்குத் தண்ணி குடுத்து அனுப்பு." உள்ளே போய்விட்டான்.

தண்ணீர் குடித்துக்கொண்டே பக்கவாட்டில் பார்த்தேன். கிணற்றோரம் பன்னிரண்டு தென்னை. ஏழு எட்டு வருஷத்து மரம், காய்க்க வேண்டிய பருவம். மட்டை எல்லாம் கத்திரியால் விசிறி வெட்டின மாதிரி. குருத்துக்குக் கீழே சக்கை தள்ளியிருக்கிறது. காண்டாமிருக வண்டு. நாலு மரத்துக்குக் குருத்தே சாய்ந்திருக்கிறது. குருடனுக்குக்கூடத் தெரியும்.

என் வாய் என்னைக் கேட்கவில்லை. வாசலில் நின்றபடி உள்ளே பார்த்துக் கத்தினேன்.

"தென்னைக்கு வண்டு விழுந்திருக்கு. பாத்தியா இல்லையா."

உள்ளேயிருந்து: "தெரியும். மருந்து ஊத்திருக்கேன்."

"என்ன மருந்து."

"கடைக்காரன் குடுத்தது."

"கடைக்காரன் மூஞ்சி. குருத்து போனா மரம் போச்சு."

டிவி மறுபடி ஓடியது. இருபத்தாறு வருஷம் கழித்துப் பேசின பேச்சு இவ்வளவுதான்.

ஆட்டோவில் பாஸ்டரம்மா: "தம்பின்னு நீங்க சொல்லவே இல்லையே அங்கிள்."

"நீங்க கேக்கலம்மா."

கன்றைச் சரோஜா வாங்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். கவனிக்கவில்லை.

ஜூலை 12, சனி

புழுக்கம். சாயங்காலம் நாலு தூறல், மண் வாசனை வந்ததோடு சரி.

ஒரு வேலையும் ஓடவில்லை. பேப்பரை மூன்று தடவை எடுத்தேன். கண்ணை மூடினால் அந்தக் குருத்துதான். ஒரு வண்டு ஒரு மரத்தில் இறங்கினால் வாரக்கணக்கில் உள்ளே குடைந்துகொண்டு இருக்கும். அவன் மருந்தை மேலே ஊற்றுவான். வண்டு உள்ளே உட்கார்ந்து சிரிக்கும்.

என் தென்னையா அது. சாகட்டும்.

மிச்சக் கன்றை எடுக்க பாஸ்டரம்மா வந்தாள். டீ போட்டுக் கொடுத்தேன். வண்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறேன் போல. கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்ப போய் எடுத்துடுங்களேன்."

"அவன் மேல எனக்கு அன்பு கின்பு ஒண்ணும் கெடையாதும்மா. சும்மா சொல்லக்கூடாது."

"அன்பு வேணாம் அங்கிள். வண்டு இருக்கறது உங்களுக்குத் தெரியுது, அவருக்குத் தெரியல. அதுக்குப் போங்க."

டீ டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள். பாஸ்டர் நாற்பது நிமிஷம் பேசுவதை இவள் அரை நிமிஷத்தில் பேசுகிறாள். சபையில் இவளுக்குக் கொடுத்திருக்கிற வேலை கோலாட்டம் சொல்லிக்கொடுப்பது.

ஜூலை 13, ஞாயிறு

சபையில் சாட்சி நேரம். செயலாளர் எழுந்து ஊரே ஆசீர்வதிக்கப்பட்டது என்றார். வருகிற வழியில் சாக்கடையில் இரண்டு கன்று பார்த்தேன், பையைக்கூடப் பிரிக்காமல். அட்டை மட்டும் பளபளவென்று. லேமினேஷன் நல்ல லேமினேஷன்.

"தாவீது பிரதர் ரெண்டு வார்த்த சொல்லட்டும்" என்றார் பாஸ்டர்.

எழுந்தேன். "எனக்கு ஒரு வேல இருக்கு" என்றேன். வெளியே வந்துவிட்டேன். அது சாட்சி என்று நினைத்து யாரோ அல்லேலூயா சொன்னார்கள்.

வீட்டில் பரண்மேலிருந்து கொக்கிக் கம்பியை எடுத்தேன், சர்வீசில் இருந்தபோது அடித்து வாங்கினது. வேப்பங்கொட்டைத் தூள், ஒரு பை மணல். ஷேர் ஆட்டோ. பக்கத்தில் இருந்தவன் கம்பியைப் பார்த்துத் தள்ளி உட்கார்ந்தான்.

முருகேசன் இல்லை. கீழ்பென்னாத்தூரில் கல்யாணம். சரோஜா ஒன்றும் கேட்காமல் ஏணியைக் காட்டினாள். ஏறினேன். முட்டி கதறுகிறது. குருத்து இடுக்கில் கம்பியை விட்டுத் திருகினால் பட்டென்று ஒரு சத்தம் வரும், வண்டு முதுகு உடையும் சத்தம். அது கேட்டதும் மனசு அமைதியாகிவிட்டது. வேறு எதிலும் வராத அமைதி.

மூன்றாவது மரத்தில் இருக்கும்போது கீழே டிவிஎஸ் நின்றது. பட்டு வேட்டி, நெற்றி நிறையச் சந்தனம்.

"யாரக் கேட்டு ஏறின."

"மரத்தக் கேட்டு."

செத்த வண்டைக் காலால் புரட்டிப் பார்த்தான். கொம்பைப் பார்த்ததும் மூஞ்சி மாறிவிட்டது.

"எறங்கு. முட்டி சரியில்லாத ஆளு."

"யார் சொன்னா."

"சொல்லணுமா. பஸ் ஸ்டாண்டுல நொண்டி நொண்டி நடக்கறத நான் பாக்கல?"

எத்தனை தடவை பார்த்தான், எங்கே நின்று பார்த்தான் என்று கேட்கவில்லை. இறங்கி, வேப்பந்தூளும் மணலும் கலந்து மட்டை இடுக்கில் எப்படி வைப்பது என்று காட்டினேன். பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வைத்தான். தப்பாக வைத்தான். திட்டினேன். திருத்தி வைத்தான்.

மூடன் என்று முன்னே எழுதியிருக்கிறேன். அந்த வரியை அடிக்கவில்லை, இருக்கட்டும்.

ஜூலை 15, செவ்வாய்

வண்டு எங்கிருந்து வருகிறது என்று பார்த்தால், தென்னைக்குப் பத்தடியில் எருக்குழி. மூன்று வருஷத்துச் சாணம், கிளறவே இல்லை. வண்டுக்கு இவனே மெத்தை போட்டுக் கொடுத்திருக்கிறான். சொன்னேன். "தாத்தா காலத்துலேர்ந்து அங்கதான் குழி" என்றான். தாத்தா காலத்தில் இங்கே தென்னை இல்லை, கேழ்வரகு.

இருவரும் மண்வெட்டி. வெள்ளைப் புழு, கட்டை விரல் தடிமன், சுருண்டு சுருண்டு. சரோஜாவின் கோழிகளுக்குக் கல்யாணச் சாப்பாடு. பதினொரு மணி வரைக்கும் நல்லபடி போனது.

பிறகு அவன், மண்வெட்டியை நிறுத்தாமல், குழியைப் பார்த்துக்கொண்டே:

"அப்பாவுக்குக் கொடத்தத் தூக்கிக்கினு மூணு சுத்து சுத்தணும். எனக்கு முப்பது வயசு. ஒவ்வொரு சுத்துக்கும் உன்னப் பாத்தேன். வேலியாண்ட செருப்ப போட்டுக்கினு நின்ன. ஒரு சுத்துலயாவது வருவன்னு பாத்தேன்."

என்னிடம் இதற்குப் பதில் இருபத்தாறு வருஷமாகத் தயாராக இருந்தது. சொன்னேன்.

"அம்மா செத்ததுக்கு நீ ஆள் அனுப்பினியா?"

மண்வெட்டியைப் போட்டான். நான் சட்டையை உதறிக்கொண்டு கிளம்பிவிட்டேன். சரோஜா பின்னாலேயே வந்தாள்.

"சோறு போட்டாச்சு மாமா. ஒரு வாய் சாப்ட்டு சண்ட போடுங்க."

நிற்கவில்லை. ஆட்டோவில் கையெல்லாம் சாண நாற்றம். அவன் கேட்டது ஒரு கேள்வி. நான் பதில் சொல்லவே இல்லை, கணக்குத் தீர்த்தேன். பாஸ்டரை, செயலாளரை, பெங்களூர்க்காரனை எல்லாம் பத்து நாளாக இதில் எழுதி வைத்திருக்கிறேன். புரட்டிப் பார்த்தேன். எல்லாரிலும் கேவலமானவன் இங்கே உட்கார்ந்து எழுதுகிறவன்.

ஜூலை 16, புதன்

போகவில்லை.

பாஸ்டர் போன். கன்றோடு நான் நிற்கிற போட்டோ வேண்டுமாம், பத்திரிகைக்கு. இல்லை என்றேன். "ஏன் பிரதர், சாட்சியா இருக்குமே." போனை வைத்தேன்.

தைலம் தீர்ந்துவிட்டது. ராத்திரிக்கு உப்புமா.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. தெருவெல்லாம் தேங்காய் சுடுகிற வாசனை. காற்று ஆரம்பித்துவிட்டது. குருத்து சாய்ந்த மரம் இந்தக் காற்றுக்கு நிற்காது, வெட்டிச் சுத்தம் செய்யாவிட்டால் அழுகல் இறங்கும். இதைச் சொல்ல அவன் நம்பர்கூட என்னிடம் இல்லை.

பாஸ்டரம்மாவிடம் லிஸ்ட்டில் நம்பர் இருக்கும். போன் செய்தேன். ஏன் எதற்கு என்று கேட்காமல் சொன்னாள். எழுதிக்கொண்டேன். கூப்பிடவில்லை.

ஜூலை 18, வெள்ளி

காலை ஆறரைக்கே போய் நின்றேன். காற்று பலமாக. சரோஜா கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து, "காப்பி குடிச்சீங்களா" என்று மட்டும் கேட்டாள்.

முருகேசன் ஏற்கனவே மரத்தில். ஒற்றை ஆளாக, ஏணியைச் சரியாகச் சாய்க்காமல், குருத்து சாய்ந்த மரத்தில் அரிவாளோடு. அழுகின சக்கையைக் கையால் அள்ளிக் கீழே போடுகிறான். நான் சொல்லித்தராத வேலை. எங்கேயோ கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறான்.

கீழே நின்றேன். என்னைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தான். "அடிவரைக்கும் வெட்டு" என்றேன். வெட்டினான். "இன்னும்." வெட்டினான். உள்ளே ஒரு விரல் அளவு வெள்ளைக் குருத்து மிச்சம் இருந்தது. பிழைக்கும். சொன்னேன். "பொழைக்குமா" என்று கேட்டான். பிழைக்கும் என்று இன்னொரு தடவை சொன்னேன்.

அதற்கு மேல் சும்மா நிற்க முடியவில்லை.

"முருகேசா. அப்பாவுக்கு நான் பண்ணது தப்பு. அந்தப் பாஸ்டர் சொன்னாருன்னு சொல்றதெல்லாம் பொய். நீ கொடத்தத் தூக்கற, நான் தப்பிச்சேன்னு இருந்தது. எல்லாரும் பாக்கறாங்கன்னு வேற பயம். அதான்."

மேலே அரிவாள் நின்றது. காற்றுக்கு மட்டை உரசும் சத்தம். அவன் கீழே பார்க்கவே இல்லை.

"ஏணியப் புடி. ஆடுது."

பிடித்தேன். அவன் இடது பக்கம் சாய்ந்து இன்னொரு மட்டையைக் கழித்தான். வேப்பந்தூள் கேட்டான், டப்பாவை நீட்டினேன். மூன்று இடுக்கிலும் சரியாக வைத்தான். டப்பாவைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

"அம்மா உன்னக் கேட்டுச்சு" என்றான். "ரெண்டு வாட்டி. பெரியவன் வந்துட்டானான்னு. வரான்னு சொன்னேன். நான் ஆளே அனுப்பல."

நான் ஏணியை விடவில்லை.